‘டிக்லைன்’ அழுத்தினாலும் காசு வரும்

நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் கிளையில் என் மேசைக்கு முன்னால் வரிசை தொடங்கிவிடும். 25 நாளும் கனடா, லண்டன், சுவிஸ், நோர்வே எல்லாம் யாழ்ப்பாணத்தில்தான். காலைப் பூசை முடிந்து, நெற்றித் திருநீறு அழியாமல், ஆஸ்பத்திரி வீதிக்கு வருவார்கள். கையில் ஏ.டி.எம். சீட்டு ஒரு கட்டு இருக்கும். வங்கியில் கார்ட் பிரிவில் இருப்பவள் நான். அந்தக் கட்டின் தடிப்பைப் பார்த்தே என்ன கதை வரப்போகிறது என்று சொல்லிவிடுவேன்.

போன திருவிழாவில் வந்த ஐயா ஒருவருக்கு எழுபது வயதிருக்கும். ரொறன்ரோவிலிருந்து வந்தவர். உட்கார முதலே சொன்னார்: “பிள்ளை, உங்கட மெஷின் என்ர காசைத் திண்டிட்டுது.”

சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். முதலாவது விஷயம், அது எங்கள் மெஷினே இல்லை. பக்கத்து வங்கியுடையது. அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் அங்கே போய் இதையே சொல்வார், அங்கேயும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். இரண்டாவது, ஒன்பது நாளில் ஒன்பது தடவை, ஒவ்வொரு தடவையும் 20,000 ரூபாய் எடுத்திருந்தார். மூன்றாவதுதான் என் வயிற்றெரிச்சல். ஒன்பது சீட்டிலும் கடைசி வரிகளில் கனடியன் டொலர் தொகை, அதற்கான மாற்று விகிதம், அதற்கு மேல் வைத்த மார்க்கப், அதாவது லாபம், என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. ஒன்பது தடவையும் ஐயா திரையில் ‘அக்செப்ட்’, அதாவது சம்மதம், என்று அழுத்தியிருக்கிறார்.

“ஏன் ஐயா இதை அழுத்தினீங்கள்?”

“மற்றதை அழுத்தினால் காசு வராதெல்லே?”

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். எத்தனை வாயால் கேட்டுவிட்டேன்! படித்தவர்கள், கணக்காளர்கள், ஒருமுறை லண்டனில் வங்கியிலேயே வேலை பார்க்கும் ஒரு தங்கச்சியும் இதையே சொன்னாள்.

சரி, ஆறுதலாகச் சொல்கிறேன். வெளிநாட்டு கார்ட்டை இங்குள்ள மெஷினில் போட்டால், இரண்டு விதமான கேள்வி திரையில் வரலாம். ஒன்று: “இந்த மெஷினைப் பாவிப்பதற்கு இத்தனை ரூபாய் கட்டணம், சம்மதமா?” இது மெஷின்காரரின் கூலி. இதற்கு மாட்டேன் என்று அழுத்தினால் மெஷின் உண்மையாகவே கார்ட்டைத் திருப்பித் தந்துவிடும், காசு வராது. மற்றது: “உங்கள் தொகையை டொலரில் மாற்றித் தரட்டுமா? டொலரில் இவ்வளவு வரும், விகிதம் இது, சம்மதமா?” இதற்கு மாட்டேன் என்று அழுத்தினால் காசு வரும். கட்டாயம் வரும். நீங்கள் மறுப்பது காசை இல்லை. அந்த மெஷினின் மாற்று விகிதத்தை மட்டும்தான். மாற்றுவதை உங்கள் கனடா வங்கியே விசா அல்லது மாஸ்டர்கார்ட் விகிதத்தில் செய்துகொள்ளும்.

இரண்டு திரையிலும் பொத்தானின் பெயர் ‘டிக்லைன்’தான். அதுதான் சனங்களைக் குழப்புகிறது. மெஷினில் தமிழைத் தெரிவு செய்தாலும் இந்த மாற்றுத் திரை சில இடங்களில் ஆங்கிலத்திலேயே வந்து நிற்கும். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, கண்ணாடியும் வீட்டில் கிடக்க, யார் நின்று வாசிக்கப் போகிறார்கள்? பச்சையாக இருப்பதை அழுத்திவிடுவார்கள். அந்தத் திரையை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை.

“என்ர காசு எவ்வளவு போகுது எண்டு டொலரிலயே தெரியுதே, அது பாதுகாப்புத்தானே?” என்று கேட்பவர்களும் உண்டு. எவ்வளவு போகிறது என்று தெரியும், உண்மைதான். கூடப் போகிறது என்பதும் அதே சீட்டில்தான் அச்சாகிறது. ஐயாவின் சீட்டில் ஒரு டொலருக்கு 202 ரூபாய் என்று கிடந்தது. அன்று சந்தையில் ஏறத்தாழ 215. ஒரு டொலருக்குப் பதின்மூன்று ரூபாய், அதாவது நூற்றுக்கு 6க்கு மேல். கடையில் கத்தரிக்காய்க்குப் பத்து ரூபாய் கூட்டிச் சொன்னால் சண்டை பிடிக்கிற ஆள் அவர்.

கணக்கைக் கடுதாசியில் போட்டுக் காட்டினேன். 1,80,000 ரூபாய் 215இன் படி 837 டொலர். 202இன் படி 891. அதிலேயே 54 டொலர் போய்விட்டது. அவருடைய வங்கி வெளிநாட்டு மெஷினில் எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் 5 டொலர் பிடிக்கும். ஒன்பது தடவைக்கு 45. அதற்கு மேல் வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று நூற்றுக்கு 2.5, அது ஒரு 22 டொலர். டொலரில் மாற்றி எடுத்தாலும் இந்த 2.5ஐப் பிடிக்கிற வங்கிகள் இருக்கின்றன, ஏனென்றால் மெஷின் நிற்பது இலங்கையில். ஆகமொத்தம் 121 டொலர். மெஷின்காரரின் கூலி இதற்குள் சேரவில்லை.

அதே மெஷினில் 60,000 படி மூன்று தடவை, ரூபாயிலேயே எடுத்திருந்தால்? வங்கிக் கட்டணம் 15, அந்த 2.5க்கு 21. மொத்தம் 36 டொலர். மிச்சம் 85. ரூபாயில் பதினெட்டாயிரம். ஐயா கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு அபிஷேகம் செய்திருக்கலாம்” என்றார். அதற்குப் பிறகு கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததற்குக் காரணம் இருந்தது. வீட்டில் கனக்கக் காசு வைத்திருக்கப் பயம். நியாயமான பயம்தான். ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரே கட்டணம் என்றால், 5,000 எடுத்தாலும் அதுதான், 60,000 எடுத்தாலும் அதுதான். மூன்று நாலு நாள் செலவை ஒன்றாக எடுத்து அலுமாரியில் பூட்டுங்கள். இல்லையென்றால் எடுத்த காசை இங்குள்ள உங்கள் சகோதரத்தின் கணக்கில் போட்டுவிட்டு, தேவைக்கு உள்ளூர்க் கார்ட்டில் எடுங்கள். ஒரு தடவையில் எவ்வளவு தரும் என்பது மெஷினுக்கு மெஷின் வேறுபடும். கூலி எவ்வளவு என்பதும் வங்கிக்கு வங்கி வேறுபடும். அது திரையில் வரும்போது கூடவாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த வங்கிக்கு நடவுங்கள். ஆஸ்பத்திரி வீதியில் பத்து நிமிடம் நடந்தால் நாலைந்து வங்கியின் மெஷினைப் பார்த்துவிடலாம்.

கிரெடிட் கார்ட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: வேண்டாம். கடையில் பாவியுங்கள், மெஷினில் போடாதீர்கள். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் காசு எடுத்தால் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், அதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு. ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு மாதம் கழித்துக் கணக்கு அறிக்கையைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் எடுக்காதீர்கள்.

கடையிலும் இதே மாற்றுக் கேள்வி வரும், அங்கே இன்னும் மோசம். கஸ்தூரியார் வீதியில் நகைக்கடையில் நீங்கள் கார்ட்டைக் கொடுத்தால், “ரூபாயா, ஸ்டேர்லிங் பவுணா?” என்ற கேள்வி கசியரின் கையிலிருக்கும் மெஷினில் வருகிறது. உங்களுக்குத் தெரியவே வராது, அந்தப் பெடியனே ஏதோ ஒன்றை அழுத்திவிடுவான். இரண்டு பவுண் தங்கத்தில் நகை வாங்கினால் நூற்றுக்கு 5 என்பது சின்னக் காசா? கார்ட்டை நீட்ட முதலே “ரூபாயில போடுங்கோ தம்பி” என்று வாய் திறந்து சொல்லுங்கள். சீட்டில் ஸ்டேர்லிங் பவுண் தொகை அச்சாகி வந்தால் கையெழுத்து வைக்காமல், ரத்துச் செய்து திரும்பப் போடச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. தெரிவு வாடிக்கையாளருடையது என்பது கார்ட் நிறுவனங்களின் விதி.

வெளிக்கிட முதல் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது, அதைத்தான் ஒருவரும் செய்வதில்லை. உங்கள் வங்கிக்கு ஃபோன் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். வெளிநாட்டு மெஷினில் தடவைக்கு எவ்வளவு பிடிப்பீர்கள்? மாற்றுக்கு நூற்றுக்கு எவ்வளவு? இந்தக் கார்ட் இலங்கையில் வேலை செய்யுமா? மூன்றாவது கேள்வியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கனடாவின் இன்டராக் அடையாளம் மட்டும் உள்ள கார்ட்டும், ஜேர்மனியின் ஜிரோகார்ட் அடையாளம் மட்டும் உள்ள கார்ட்டும் இங்கே வெறும் பிளாஸ்டிக். விசாவோ மாஸ்டர்கார்டோ, அவற்றின் பிளஸ், சிரஸ் போன்ற அடையாளமோ கூட இருக்க வேண்டும். ஐரோப்பாவில் மேஸ்ட்ரோ என்ற மாஸ்டர்கார்டின் பழைய டெபிட் கார்ட்டைப் புதிதாகக் கொடுப்பது 2023 யூலையோடு நின்றுவிட்டது. பழையதை நம்பி வருபவர்கள் காலாவதித் திகதியையாவது பாருங்கள்.

வெளிநாட்டில் எடுப்பதற்குக் கட்டணம் பிடிக்காத, அல்லது மிகக் குறைவாகப் பிடிக்கிற கார்ட்டுகளும் இருக்கின்றன. லண்டன்காரருக்கு ஸ்டார்லிங் போன்ற வங்கிகள், அமெரிக்காவில் சார்ள்ஸ் ஷ்வாப் (உலகத்தில் எந்த மெஷின்காரர் பிடித்த கூலியையும் திருப்பித் தருகிறார்கள்), பல நாடுகளில் வைஸ். வைஸில் மாதத்துக்கு ஒரு சிறு தொகை வரைதான் இலவசம், அதைத் தாண்டினால் பிடிக்கும். ஆனால் கேளுங்கள், இதெல்லாம் இருந்தும் மாற்றுத் திரையில் ‘அக்செப்ட்’ அழுத்தினால் அந்த நூற்றுக்கு 6 போனது போனதுதான். அதை எந்தக் கார்ட்டாலும் காப்பாற்ற முடியாது.

“ஏன் இவ்வளவு கரைச்சல், காசாகவே கொண்டுவரலாமே” என்பீர்கள். கொண்டுவரலாம். கட்டுநாயக்காவில் வெளியே வர முதலே உள்ள வங்கிக் கவுண்டர்களிலும், இங்கே எந்த வங்கியிலும் மாற்றலாம். கிழிந்த, எழுதிய தாள் வேண்டாம். லண்டன் மாமிமாருக்கு ஒரு மன்றாட்டம்: அலுமாரியில் சேலைக்குள் வைத்திருந்த பழைய கடுதாசி 20, 50 பவுண் தாளை இங்கே கொண்டுவராதீர்கள். 2022 செப்டம்பர் 30உடன் அவை அங்கேயே செல்லாமல் போய்விட்டன. ‘பேங்க் ஒஃப் இங்லண்ட்’ என்ற அங்குள்ள மத்திய வங்கி மாற்றித் தரும், இங்கே நாங்கள் மாற்ற முடியாது. போன வருடம் ஒரு மாமி எனக்கு முன்னால் பன்னிரண்டு தாளை எண்ணி வைத்தபோது எனக்கு எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. வங்கிக்கு வெளியே காசு மாற்றி அனுப்பும் உண்டியல்காரர் நல்ல ரேட் தருவார் என்று என்னிடமே வந்து சொல்லுகிறவர்களுக்கு: அது சட்டவிரோதம், நான் கேட்கவில்லை, எழும்பிப் போங்கள்.

சென்னைக்கு வைத்தியத்துக்கும் கலியாணச் சேலைக்கும் பலாலியிலிருந்து பறக்கிற நம்மவர்களுக்கும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். அங்குள்ள மெஷின் “இலங்கை ரூபாயில் மாற்றட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி இந்திய ரூபாயிலேயே எடுங்கள். போக முதல் கார்ட்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

பிறகு, கிளையோடு ஒட்டிய மெஷினில், வங்கி திறந்திருக்கும் நேரத்தில் எடுங்கள். கார்ட் மாட்டிக்கொண்டால் உள்ளே ஓடிவந்து சொல்ல ஒரு ஆளாவது இருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பெட்டிக்கடையோரத்து மெஷினில் மாட்டினால் திங்கள் வரைக்கும் கடவுள்தான். காசு வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் எங்களிடம் சண்டைக்கு வந்து பயனில்லை; முறைப்பாட்டை உங்கள் கார்ட்டைத் தந்த வங்கியில்தான் பதிய வேண்டும். அன்றே பதியுங்கள். வயது போனவர்கள் கார்ட்டையும் பின் நம்பரையும் ஓட்டோக்காரத் தம்பியிடம் கொடுத்து “எடுத்துக்கொண்டு வா ராசா” என்று அனுப்பாதீர்கள். அவர் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் திரையில் எதை அழுத்தினார் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியாக, சீட்டு. எங்கள் மெஷினுக்குப் பக்கத்துக் குப்பைக் கூடையில் காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கார்ட் சீட்டுகள், உருட்டி எறிந்தபடி கிடக்கும். திரும்பிப் போகும்போது கையில் மிஞ்சிய ரூபாயை டொலராக்க வந்தால், இந்த ரூபாய் எப்படி வந்தது என்று அந்தச் சீட்டைத்தான் கேட்போம். அந்த ஐயா இப்போது சீட்டுகளைக் கைக்கடக்கமான ஒரு திருநீற்றுப் பையில் போட்டு வைத்திருக்கிறார். கடைசியாக வந்தபோது ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சாம்பல் ஒட்டியிருந்தது. ஊதிவிட்டுப் பார்த்தேன்: 60,000, இலங்கை ரூபாய், டொலர் வரி எங்கும் இல்லை.