தாள் வரவில்லையா? மறுபடி அழுத்தாதீர்கள், வரிசையைப் பாருங்கள்

ஐப்பசிக் கடைசி வாரம் என்றால் எங்கள் பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15தான் கடைசித் தேதி. கும்பகோணம், வலங்கைமான், குடவாசல், நீடாமங்கலம் என்று எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு விவசாயிகள் காத்திருப்பார்கள். வெளியே அடைமழை. உள்ளே கரண்டு வரும், போகும். அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே மாதிரி போன்தான்: "அண்ணே, பிரிண்ட் கொடுத்தா வரமாட்டேங்குது. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

பதினாறு வருஷமாக இந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர், பிரிண்டர் சர்வீஸ் பார்க்கிறேன். அந்த போன்களில் பாதிக்கு மேல் பிரிண்டரில் கோளாறே இருப்பதில்லை. கோளாறு இருப்பது க்யூவில், அதாவது அச்சு வரிசையில்.

ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். தாலுகா ஆபீஸுக்கு எதிரே, கணவனும் மனைவியுமாக நடத்தும் சின்னக் கடை. ஒரு லேசர் பிரிண்டர், ஒரு இங்க் டேங்க் பிரிண்டர். பழைய கம்ப்யூட்டர் என்பதால் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். காலையில் லேசரில் தாள் சிக்கியிருக்கிறது. மழைக்காலத்தில் பிரித்து வைத்த தாள் கட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்புறம் இரண்டு மூன்று தாளாகச் சேர்ந்து உள்ளே போகும். சிக்கிய தாளை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பிரிண்ட் வரவில்லை. மறுபடி அழுத்தினார்கள். பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார்கள். மறுபடி அழுத்தினார்கள். கூட்டம் சத்தம் போட ஆரம்பித்ததும் இங்க் டேங்கில் அடித்துக் கொடுத்துச் சமாளித்துவிட்டார்கள்.

மத்தியானம் நான் போய்ச் சேர்ந்த நேரத்தில், பக்கத்துக் கடைப் பையன் வந்து திரையில் எதையோ தட்டி லேசரை மறுபடி ஓட விட்டிருந்தான். தாள் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் காலையில் வந்து போனவர்களின் அடங்கல், ஆதார், பாஸ்புக். கவுண்டரில் நின்ற ஒரு பெரியவர் ஒரு தாளை எடுத்துப் பார்த்து, "இது எங்க ஊரு ஆளுதாம்மா, நான் கொண்டுபோய்க் கொடுத்துடவா?" என்று கேட்டார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் அந்தத் தாளில் ஒருவருடைய ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும், எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் என்பதும் இருந்தன.

பிரிண்ட் பொத்தானை அழுத்தியதும் கோப்பு நேராகப் பிரிண்டருக்குப் போய்விடுகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கம்ப்யூட்டர் முதலில் அதற்கு ஒரு பிரதி எடுத்துத் தன் டிஸ்கில் வைத்துக்கொள்கிறது, ஒரு எண் கொடுக்கிறது, வரிசையில் நிற்க வைக்கிறது. ரேஷன் கடையில் பையை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவோமே, அது மாதிரி. ஆள் வீட்டுக்குப் போனாலும் பை அங்கேயே இருக்கும். ஆறு தடவை அழுத்தினால் ஆறு பை. பிரிண்டரை அணைத்தாலும் பைகள் இருக்கிற இடத்தில்தான் இருக்கும், ஏனென்றால் அவை இருப்பது பிரிண்டரில் இல்லை, கம்ப்யூட்டரில்.

லினக்ஸிலும் ஆப்பிள் மேக்கிலும் இந்த வரிசையை நடத்துவது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் 1997இல் எழுதத் தொடங்கியது. 2002இலிருந்து மேக்கிலும் இதுதான். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் காலத்திலிருந்தே அச்சுக் கட்டளைகளில் இரண்டு குடும்பம் உண்டு: சிஸ்டம் ஃபைவ் வழியில் வந்த 'எல்பி', பெர்க்லி வழியில் வந்த 'எல்பிஆர்'. கப்ஸ் இரண்டையும் ஏற்கும். இந்தக் கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு முதலில் அடித்தது 'கப்ஸ்டிசேபிள் லேசர்'. 'லேசர்' என்பது அந்தப் பிரிண்டருக்கு நான் வைத்த பெயர். ஓடிக்கொண்டிருந்தது நின்றது. அடுத்து 'எல்பிஸ்டாட் -பி'. பிரிண்டர் எந்த நிலையில் இருக்கிறது, எப்போதிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அது சொல்லும். காலையிலேயே இதை அடித்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். தாள் சிக்கியதும் கப்ஸ் அந்த வரிசையைத் தானாக நிறுத்தி வைத்திருந்தது. சிக்கிய தாளை எடுத்தபின் 'கப்ஸ்எனேபிள் லேசர்' என்று ஒரு வரி போதும், முதல் அடங்கல் வந்திருக்கும்.

அப்புறம் 'எல்பிஸ்டாட் -ஓ'. ஒவ்வொரு வேலையும் ஒரு வரியாக வரும்: பிரிண்டர் பெயர், சின்னக் கோடு, வேலை எண், அனுப்பிய கணக்கின் பெயர், பைட்டில் அளவு, நேரம். கோப்பின் பெயர் அதில் வராது. அதற்கு 'எல்பிக்யூ' அடிக்க வேண்டும். அடித்தேன். 31 வரிகள். ஒரே அடங்கல் கோப்பு ஆறு வரியில், ஒன்றன் கீழ் ஒன்றாக, 412 முதல் 417 வரை. அந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுமா உள்ள இருக்கு?" என்றார். காலையிலிருந்து அவர் அழுத்தியதில் இன்னும் வெளியே வராத ஒவ்வொன்றும் அங்கே வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

வேண்டாத ஒன்றை எடுக்க 'கேன்சல் லேசர்-413' என்று எண்ணோடு அடிக்கலாம். மொத்தத்தையும் துடைக்க 'கேன்சல் -ஏ லேசர்'. இதில் பிரிண்டர் பெயரை விட்டுவிட்டால் எல்லாப் பிரிண்டரின் வரிசையும் போய்விடும், அதனால் பெயரைச் சேர்த்தே அடிக்கும் பழக்கம் நல்லது. கூடவே '-எக்ஸ்' சேர்த்தால் டிஸ்கில் இருக்கும் பிரதியும் அழிந்துவிடும். வெளியாட்களின் ஆவணம் அடிக்கும் கடையில் '-எக்ஸ்' இல்லாமல் கேன்சல் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு பிரிண்டர் நின்று இன்னொன்று நன்றாக இருந்தால், மறுபடி கோப்பைத் திறந்து அடிக்கத் தேவையில்லை. 'எல்பிமூவ் 412 இங்க்' என்று அடித்தால் அந்த வேலை அப்படியே இரண்டாவது பிரிண்டரின் வரிசைக்குப் போய்விடும். பழைய வரிசையில் எச்சம் இருக்காது. அந்தக் கடையில் அன்று காலை இந்த ஒரு கட்டளை தெரிந்திருந்தால், 31 வேலையும் சேர்ந்தே இருக்காது.

தாள் சிக்கினால் கப்ஸ் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நாமே சொல்லி வைக்கலாம். வேலையை வரிசையில் வைத்துக்கொண்டு பிரிண்டரை நிறுத்துவது ஒரு வழி. திரும்பத் திரும்ப முயல்வது இன்னொரு வழி. அந்த வேலையைக் கைவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது மூன்றாவது. ஆபீஸுக்கு முதல் வழி சரி, அங்கே அடித்தவரும் அங்கேயே இருப்பார். ஜெராக்ஸ் கடைக்கும் இ-சேவை மையத்துக்கும் நான் மூன்றாவதைத்தான் வைக்கிறேன். 'எல்பிஅட்மின் -பி லேசர் -ஓ பிரிண்டர்-எரர்-பாலிசி=அபார்ட்-ஜாப்'. அடிக்காதது அடிக்காததாகவே போகட்டும். ஆள் எதிரில் நிற்கிறார், மறுபடி ஒரு தடவை கொடுத்துக்கொள்ளலாம். அவர் பஸ் ஏறிய பிறகு அவருடைய பத்திரம் வெளியே வரக்கூடாது.

இன்னொரு விஷயம் கடைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. நல்லபடியாக அடித்து முடித்த வேலையின் பிரதியும் உடனே அழிவதில்லை. கப்ஸ் வழக்கமாக அதை 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள், வைத்திருக்கும். முடிந்த வேலைகளின் பட்டியல் அதற்குப் பிறகும் இருக்கும். 'எல்பிஸ்டாட் -டபிள்யூ கம்ப்ளீட்டட்' என்று அடித்துப் பாருங்கள், டபிள்யூ பெரிய எழுத்து. அந்த ஒரு நாளுக்குள் 'எல்பி -ஐ 412 -ஹெச் ரீஸ்டார்ட்' என்று அடித்தால், கோப்பே இல்லாமல் அதே தாள் மறுபடி வெளியே வரும். ஹெச் பெரிய எழுத்து. நமக்கு இது வசதிதான், டோனர் மங்கலாக விழுந்தால் திரும்ப எடுக்கலாம். ஆனால் அந்தக் கீபோர்டில் உட்காரும் யாருக்கும் அதே வசதி உண்டு. பொதுக் கடைகளில் நான் 'கப்ஸ்சிடிஎல் பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ்=நோ' என்று வைத்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் அடிக்கும்போது பிரிசர்வ், ஜாப், ஃபைல்ஸ், நோ என்று ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரியது. அடித்து முடித்ததும் பிரதி போய்விடும். இதற்கும் மேலே சொன்ன எல்பிஅட்மினுக்கும் முன்னால், நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவதற்கு, 'சுடோ' என்ற சொல் வேண்டியிருக்கும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், இடம் மட்டும் வேறு. க்யூவில் ஒரு வேலை 'டெலீட்டிங்' என்று காட்டியபடி மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்' அடியுங்கள். ஸ்பூலர் என்பது விண்டோஸில் அச்சு வரிசையை நடத்தும் நிரல். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அதில் இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்க வேண்டாம். பிறகு 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்'. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் 'கீப் பிரிண்டட் டாக்குமெண்ட்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

அச்சு வரிசை வழியாக வெளியாள் உள்ளே நுழையவும் வழி இருந்திருக்கிறது. 2021இல் விண்டோஸ் ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளியே வந்தது. 2024 செப்டம்பரில் லினக்ஸ் பக்கம், நெட்வொர்க்கில் பிரிண்டரைத் தேடும் 'கப்ஸ்-பிரௌஸ்டு' என்ற துணை நிரலில் ஓட்டை இருப்பது தெரிந்தது. இரண்டுக்கும் திருத்தம் வந்துவிட்டது, அப்டேட் போட்டால் போதும். பிரிண்டர் யுஎஸ்பி கேபிளில் நேராக இணைந்திருக்கும் கடைக்கு கப்ஸ்-பிரௌஸ்டு தேவையே இல்லை, நிறுத்தி வைத்துவிடலாம்.

கட்டளை வழியில் அடிப்பதால் தாளும் மிச்சமாகும். ஐந்து பக்கக் கோப்பில் இரண்டு பக்கம்தான் வேண்டும் என்றால் 'எல்பி -பி 1-2', இந்தப் பி பெரிய எழுத்து. இரண்டு நகல் என்றால் '-என் 2'. மன்னார்குடிப் பக்கம் ஒரு டியூஷன் சென்டரில் வினாத்தாள்களை 'நம்பர்-அப்=2' போட்டு ஒரு பக்கத்தில் இரண்டாக அடிக்கச் சொல்லிக் கொடுத்தேன், அதற்கு முன்னால் '-ஓ' வேண்டும்.

நேரம் குறித்து அடிப்பதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒரு ஆடிட்டர் ஆபீஸில், பகலில் பிரிண்டர் ஓயாமல் ஓடுகிறது என்று, பெரிய அறிக்கை ஒன்றை இரவு 10 மணிக்கு அடிக்க '-ஹெச் 22:00' என்று வைத்தார்கள். ஆள் ஒருவர் அதற்காகவே தங்கினார். பத்துக்கு ஒன்றும் வரவில்லை, விடியற்காலை மூன்றரைக்குப் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. அந்தக் கட்டளை எடுத்துக்கொள்வது நம் நேரத்தை அல்ல, யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தை. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்கு இரவு 10 என்றால் 16:30 என்று குறிக்க வேண்டும்.

அந்த ஐப்பசிக் கடைக்கு வருகிறேன். வெளியே கொட்டிய தாள்களை அந்த அம்மா வேஸ்ட் பேப்பர் பெட்டியில் போடப் போனார். அந்தப் பெட்டி மாசக் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எனக்கு வடை மடித்துக் கொடுத்த தாளில் ஒரு பெண்ணின் ஆதார் நகல் இருந்தது. முகம், பிறந்த தேதி, கணவர் பெயர், தெரு, எண்ணெய் படிந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அதைச் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பெட்டியில் ஏற்கெனவே இருந்ததையும் வெளியே எடுத்து, கணவரைக் கூப்பிட்டு, இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்தார்கள். ஆதார் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம், அது போதும் என்கிற இடத்துக்கு அதையே அடித்துக் கொடுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

15ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த அம்மாவிடமிருந்து போன். ஷட்டர் பாதி இறங்கிய சத்தம் பின்னால் கேட்டது.

"அண்ணே, எல்பிக்யூ அடிச்சேன். 'நோ என்ட்ரீஸ்'னு வருது. இங்க் டேங்குக்கும் பார்த்துட்டேன், அதுலயும் ஒண்ணும் இல்ல. பூட்டிட்டுப் போகலாம்ல?"

"போங்கம்மா," என்றேன்.