செயினை இறுக்கி இறுக்கியே கியர்பாக்ஸைக் கொல்லாதீர்கள்

பைக்கின் முன் ஸ்ப்ராக்கெட் (என்ஜின் பக்கம் செயினை இழுக்கும் பல்சக்கரம்) மூடியைக் கழற்றினால் உள்ளே எண்ணெயும் மண்ணும் குழைந்த கறுஞ்சேறு. துடைத்துவிட்டு ஸ்ப்ராக்கெட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆடுகிறது. என்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது, ஆயில் தவறாமல் மாற்றப்பட்டிருக்கிறது. ஆனாலும் அவுட்புட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து வெளியே வந்து அந்த ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் தண்டு) பேரிங் போய்விட்டது. பல வண்டிகளில் அதை மாற்ற என்ஜினையே இறக்கிப் பிளக்க வேண்டும். வண்டிக்காரர் பெருமையோடு சொல்கிறார்: “செயின் மட்டும் எப்பவும் டைட்டாத்தான் வெச்சிருப்பேன்.” கேடே அதுதான். அட்வென்ச்சர் டூரிங் வண்டிகளில் (கரடுமுரடான பாதையிலும் நீண்ட பயணம் போகும் உயரமான பைக்குகளில்) இது மறுபடி மறுபடி வருகிறது. தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள்.

சாலை வண்டிகளில் செயின் தொய்வு, அதாவது செயினின் கீழ்ப்பக்கம் நடுவில் மேலும் கீழும் அசையும் தூரம், பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ. வரை இருக்கும். அந்தக் கணக்கு கைக்குப் பழகிவிடுகிறது. அட்வென்ச்சர் வண்டியில் பின் சக்கரம் ஏறி இறங்கும் தூரம் சுமார் 200 மி.மீ. முன் ஸ்ப்ராக்கெட்டின் மையமும் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்து ஏறி இறங்கும் கை) திரும்பும் அச்சும் ஒரே புள்ளியில் இல்லை. அதனால் சக்கரம் மேலே ஏற ஏற முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் (சக்கரத்தின் அச்சுத் தண்டு) இடையிலான தூரம் கூடுகிறது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது அந்தத் தூரம் உச்சத்தில் இருக்கும், தொய்வு மிகக் குறைவாக இருக்கும். வெறும் வண்டியில் 40 மி.மீ. காட்டும் செயின், ஆள் ஏறி, பின்னால் ஒருவர் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி, ஒரு பள்ளத்தில் விழும்போது கிட்டத்தட்ட நேராகிவிடும். வெறும் வண்டியிலேயே 20 மி.மீ. வைத்திருந்தால் பள்ளத்தில் என்ன நடக்கும்? சஸ்பென்ஷன் இன்னும் அமுங்கப் பார்க்கிறது, செயின் விடுவதில்லை. அந்த அடி முழுவதையும் வாங்குவது அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்கும் பின் சக்கர பேரிங்கும்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சம்மட்டி அடி.

“லூஸா விட்டா செயின் கழண்டுடாதா?” என்று கேட்கிறார்கள். அளவுக்கு மீறி லூஸானால் கழலும், உண்மை. ஆனால் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 35–45 மி.மீ. என்று போட்டிருந்தால் அது லூஸ் இல்லை, அதுதான் சரியான அளவு. கண்ணுக்குத் தொங்குவது போலத் தெரியட்டும், விட்டுவிடுங்கள். கொஞ்சம் லூஸான செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும். டைட்டான செயின் பேரிங் போகும்வரை வாய் திறக்காது.

இறுக்கத் தூண்டுவதும் பெரும்பாலும் அந்தச் சத்தம்தான். உயர் கியரில் மெதுவாகப் போகும்போது செயின் ஸ்விங் ஆர்ம் ரப்பரில் தட்டும், வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். பெரிய சிங்கிள், ட்வின் (ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர்) என்ஜின்களின் சுபாவம் அது. தொய்வு ஸ்டிக்கர் அளவுக்குள் இருந்தால் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள், ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

அளக்கும் முறை: வண்டியோடு வந்த கையேடு சைடு ஸ்டாண்டில் அளக்கச் சொன்னால் சைடு ஸ்டாண்டிலேயே அளக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும், அளவு மாறிவிடும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சக்கரத்தைக் கால் கால் சுற்றாக நகர்த்தி நான்கு இடத்தில் பாருங்கள். ஓடிய செயின் எங்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை, எந்த இடம் மிக டைட்டாக இருக்கிறதோ அங்கேதான் அளவை வைக்க வேண்டும். டைட்டான இடத்துக்கும் லூஸான இடத்துக்கும் வித்தியாசம் அதிகமென்றால் செயினை இரண்டு ஸ்ப்ராக்கெட்டோடும் சேர்த்து மாற்றுங்கள். ஆக்ஸில் நட்டை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கியபின் இன்னொரு முறை அளங்கள். நட் இறுகும்போது தொய்வு குறைவது வழக்கம். இந்தக் கடைசி அளவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

உயரம் குறைக்க லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனில் மாட்டும் மாற்று இணைப்புத் தகடு) போட்ட வண்டிக்கு ஸ்டிக்கர் அளவு செல்லாது. சஸ்பென்ஷனை ஸ்ட்ராப் போட்டு அமுக்கி, மேலே சொன்ன மூன்று புள்ளிகளும் நேர்கோட்டுக்கு வந்ததும் செயினை விரலால் தூக்கிப் பாருங்கள். அந்த நிலையிலும் 10 மி.மீ. அளவுக்காவது அசைவு இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எந்த வண்டிக்கும் இந்தச் சோதனை போதும்.

முன் ஸ்ப்ராக்கெட் அருகே எண்ணெயைக் கண்டதும் பதற வேண்டாம். செயினுக்கு அடித்த லூப் (மசகு ஸ்ப்ரே) தெறித்துச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். சுத்தமாகத் துடைத்து 200 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். புதிதாக, மெல்லிய என்ஜின் ஆயில் வழிந்திருந்தால் அது அவுட்புட் ஷாஃப்ட் சீலின் (ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம்) கசிவு. ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் சீலை மட்டும் மாற்றுவது வீண். ஆடும் ஷாஃப்ட் புதுச் சீலையும் தின்றுவிடும்.

இதே அவசர வைத்தியத்தால் கெடுவது இன்னும் சில உண்டு. கியர் போட்டதும் வண்டி அணைந்தால் பெட்ரோல் பம்பை மாற்றாதீர்கள், முதலில் சைடு ஸ்டாண்டு சுவிட்சில் ஏறிய சேற்றைக் கழுவுங்கள். ஃபோர்க்கில் (முன் சஸ்பென்ஷன் குழாய்) எண்ணெய் கசிந்தால் மேலே இருக்கும் டஸ்ட் சீலை இறக்கி, உள்ளே இருக்கும் ஆயில் சீலின் உதட்டில் சிக்கிய மண்ணை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் வழித்துப் பாருங்கள், பல சமயம் அதோடு நின்றுவிடும். வால்வு சத்தம் தானாகக் குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். இடைவெளி குறைந்து வால்வு டைட்டாகிக்கொண்டிருக்கலாம், அளந்து பாருங்கள். பிரஷர் வாஷரைச் சக்கர நடுவிலும் செயினிலும் பின் சஸ்பென்ஷன் லிங்கேஜிலும் நேராகப் பாய்ச்சவே கூடாது. கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே குடியேறும். ஓ-ரிங் செயினுக்கு (இணைப்புகளுக்குள் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையங்கள் கொண்ட செயின்) கம்பி பிரஷ்ஷும் பெட்ரோலும் விஷம். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

நீண்ட பயணத்தில் ஆக்ஸில் நட்டுக்கான ஸ்பேனரும் ஒரு சிறிய அளவுகோலும் பெட்டியில் இருக்கட்டும். வழியில் பஞ்சர் போட்டு சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது, கேட்காமலேயே செயினை விறைப்பாக இழுத்துக் கொடுத்துவிடுவார்கள். அங்கேயே அளந்து, ஸ்டிக்கர் அளவுக்குத் தளர்த்திவிட்டுக் கிளம்புங்கள்.