லேட்டராலிட்டி: பூநாரை கழுத்தை எந்தப் பக்கம் போடும்?

உயிர்களின் நடத்தையைப் பற்றிப் பேசும்போது வரும் லேட்டராலிட்டி என்ற ஆங்கிலச் சொல்லைப் 'பக்கச்சார்பு' என்று தமிழில் எழுதினால் எனக்கு ஒப்பவில்லை. பக்கச்சார்பான தீர்ப்பு, பக்கச்சார்பான செய்தி என்று நடுநிலை தவறியதைச் சொல்லத்தான் அந்தச் சொல் நம்மிடம் பழகியிருக்கிறது. ஒரு பறவை கழுத்தை வலப்பக்கமாகப் போட்டுத் தூங்குவதில் என்ன நடுநிலை தவறிவிட்டது?

லத்தீனில் லாட்டுஸ் என்றால் பக்கம், விலாப்புறம் என்று பொருள். அதிலிருந்துதான் லேட்டரல், பைலேட்டரல் எல்லாம். ஈக்விலேட்டரல் முக்கோணத்தைச் சமபக்க முக்கோணம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம், அதனால் முதல் பாதிக்குப் 'பக்கம்' என்பதில் சிக்கலே இல்லை, பின்பாதிக்கு என்ன போடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு முதலில் பொருளைப் பார்க்க வேண்டும்: உடலின் இரண்டு பக்கத்தாலும் ஒரு வேலையைச் செய்ய முடியும் என்றாலும், ஒரு உயிர் திரும்பத் திரும்ப ஒரு பக்கத்தையே பயன்படுத்துவது.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் பிலடெல்பியா உயிரியல் பூங்காவின் கரீபியப் பூநாரைகள். (பழவேற்காட்டுக்கும் கோடியக்கரைக்கும் வருவது பெரிய பூநாரை, அது வேறு இனம்.) பூநாரை ஓய்வெடுக்கும்போது நீண்ட கழுத்தை வளைத்து முதுகின்மேல் வலப்பக்கமாகவோ இடப்பக்கமாகவோ சாய்த்து வைத்துக்கொள்ளும். செயின்ட் ஜோசப்ஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஆண்டர்சனும் அவரது மாணவர்களும் எந்தப் பறவை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டே வந்தார்கள். ஆயிரக்கணக்கில் இறங்கும் காட்டுக் கூட்டத்தில் ஒரே பறவையை நாள்தோறும் அடையாளம் கண்டு தொடர்வது பெரும்பாடு, பூங்காவில் அது முடியும். பெரும்பாலான பறவைகள் வலப்பக்கத்தையே நாடின.

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பறவைக்கும் தனக்கென ஒரு பக்கம் இருப்பது தனிநிலை. கூட்டத்தில் பெரும்பான்மைக்கு ஒரே பக்கமாக இருப்பது கூட்டநிலை. பாதிப் பறவைகள் இடம், பாதி வலம் என்று இருந்தால் தனிநிலையில் சாய்வு உண்டு, கூட்டநிலையில் இல்லை. அந்தப் பூங்காவில் கூட்டநிலையிலும் இருந்தது என்பதுதான் செய்தி. அப்புறம் 2010இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம்: இடப்பக்கம் சாய்க்கிற பறவைகள் சண்டை சச்சரவுகளில் அதிகம் மாட்டின. ஏன் என்று கேட்டால் உறுதியான காரணம் இல்லை, இரண்டும் சேர்ந்து வருகின்றன, அவ்வளவுதான். ஒற்றைக்காலில் நிற்கும் புகழ்பெற்ற பழக்கத்தில் இந்தக் கால், அந்தக் கால் என்ற தெளிவான விருப்பம் அந்தக் கூட்டத்தில் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, தமிழ்ச் சொல். 'பக்க விருப்பு' என்றால் பறவை யோசித்துத் தேர்ந்தெடுத்ததுபோல ஆகிவிடுகிறது, 'பக்கத்தன்மை' தவறில்லை என்றாலும் உயிரில்லாமல் கிடக்கிறது. நான் பக்கச்சாய்வு என்பேன். கழுத்து சாய்வதற்கும் பொருந்துகிறது, பழக்கம் ஒரு பக்கம் சாய்வதற்கும் பொருந்துகிறது. வலச்சாய்வு, இடச்சாய்வு என்று பிரிக்கவும் எளிது. பறவைகளைத் தனித்தனியாகச் சொல்ல ஏர் ஓட்டுகிறவர்களிடமே சொல் இருக்கிறது. நுகத்தில் வலப்பக்கம் பழகியது வலத்து மாடு, மற்றது இடத்து மாடு. வலத்துப் பூநாரை, இடத்துப் பூநாரை என்று எழுதினால் விளக்கமே தேவைப்படாது. மாட்டுக்கு நாம் பழக்குகிறோம், பறவைக்கு அது தானாக வருகிறது என்ற வித்தியாசம் உண்டு, ஆனாலும் சொல் தாங்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத சொல் லேட்டரலைசேஷன். அது மூளையின் இரண்டு பாதிகளும் வேலையைப் பிரித்துக்கொள்வது. இதற்குப் பக்கப் பங்கீடு சரியாக இருக்கும். கோழிக்குஞ்சில் இது அழகாகத் தெரியும்: முட்டைக்குள் குஞ்சின் வலக்கண் ஓட்டுப் பக்கம் இருக்கும், இடக்கண் உடலோடு மறைந்திருக்கும், அதனால் வெளிச்சம் வலக்கண்ணுக்குத்தான் போகும். பொரித்தபிறகு கூழாங்கற்களுக்கு நடுவே தானியத்தைப் பிரித்தெடுப்பதில் வலக்கண் கெட்டி. பருந்து வருகிறதா என்று பார்ப்பதற்கு இடக்கண். முட்டையை இருட்டிலேயே அடைகாக்க வைத்தால் இந்தப் பங்கீடு குலைந்துபோகிறது என்பதை ஆய்வாளர் லெஸ்லி ராஜர்ஸ் ஆஸ்திரேலியாவில் காட்டியிருக்கிறார். பக்கப் பங்கீடு உள்ளே, மூளையில் நடப்பது. பக்கச்சாய்வு நம் கண்ணுக்குத் தெரிகிற நடத்தை.