தொண்டு அமைப்புகளுக்கான வரிவிலக்கு: 85 விழுக்காடு விதியும் ரசீதுப் புத்தகமும்

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் நன்கொடை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரும் பணமெல்லாம் பிள்ளைகளுக்கே போகும்போது வரி எங்கிருந்து வரும் என்று பொறுப்பாளர்கள் நினைப்பது இயல்புதான். ஆனால் வருமான வரித் துறையில் 12ஏபி பிரிவின் கீழ்ப் பதிவு பெற்று, ஆண்டு வருமானத்தில் குறைந்தது 85 விழுக்காட்டை அந்த நிதியாண்டுக்குள் அறப்பணிக்குச் செலவிட்டு, கணக்கை உரிய நாளில் தாக்கல் செய்தால்தான் விலக்கு முழுமையாகக் கிடைக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் பொருந்துவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. 85 விழுக்காடு என்ற அடிப்படை மாறவில்லை. புழக்கத்தில் உள்ள பழைய எண்களையே இங்கே பயன்படுத்துகிறேன்.

12 லட்சத்தில் 85 விழுக்காடு 10,20,000 ரூபாய். மீதி 1,80,000 ரூபாயைக் காரணம் எதுவும் சொல்லாமல் சேமிப்பில் வைத்துக்கொள்ளலாம். இந்த இடத்தில் ‘செலவு’ என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனெனில் கையை விட்டு உண்மையில் போன பணம் மட்டுமே செலவாகும். ஆசிரியைக்கு மார்ச் மாதச் சம்பளத்தை ஏப்ரல் 3ஆம் தேதி கொடுத்தால், அவர் உழைத்தது மார்ச்சில் என்றாலும், அத்தொகை அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் சேரும். மலைப்பாதையில் பிள்ளைகளை ஏற்றி வரும் வேன்காரருக்கு ஒரே நாளில் 14,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தால், வவுச்சரில் அவர் கையெழுத்தே இருந்தாலும் அது அறச்செலவாக ஏற்கப்படாது. ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் போனால் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். அன்றைக்கே இரண்டு வவுச்சராகப் பிரித்து எழுதுவதும் உதவாது.

பெரிய நன்கொடை மார்ச் 28ஆம் தேதி வந்து சேர்ந்தால், மூன்று நாளில் அதைச் செலவழிக்க யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த நிதியாண்டுக்குள் செலவிடுவோம் என்று படிவம் 9ஏ வழியாகத் தெரிவித்தால் போதும். வகுப்பறை கட்டுவது போன்ற நீண்ட காலப் பணிக்கு, படிவம் 10 கொடுத்து அதிகபட்சம் 5 ஆண்டுகள் வரை பணத்தைச் சேர்த்து வைக்கலாம். அதற்கான தீர்மானத்தில் ‘அறக்கட்டளையின் நோக்கங்களுக்காக’ என்று பொதுவாக எழுதுவது பின்னால் சிக்கலைத் தரும். எந்த ஊரில் என்ன கட்டப்போகிறோம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். சேர்த்த பணம் வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு போன்ற, சட்டம் அனுமதித்த முதலீடுகளில் இருக்க வேண்டும். கணக்குத் தணிக்கைக்கு உட்பட்ட அமைப்புகள் இப்படிவங்களை ஆகஸ்ட் 31க்குள்ளும், தணிக்கை அறிக்கையைச் செப்டம்பர் 30க்குள்ளும் முடித்துவிடுவது பாதுகாப்பு.

அமைப்பு பெறும் விலக்கு வேறு, நன்கொடையாளர் தாம் கொடுத்ததைத் தம் வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ள உதவும் 80ஜி சலுகை வேறு. 80ஜிக்குத் தனிப் பதிவு வேண்டும். செவ்வாய்ப்பேட்டை மண்டி வியாபாரி பத்து மூட்டை அரிசி அனுப்பினால், அது எத்தனை பிள்ளைகளின் பசியை ஆற்றினாலும் பொருளாகக் கொடுத்ததற்கு 80ஜி கிடையாது. அவரே 5,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது, ஏனெனில் ரொக்க வரம்பு 2,000 ரூபாய்தான். காசோலையாகவோ யுபிஐ வழியாகவோ கொடுத்தால் கிடைக்கும். அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு மட்டுமே. பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுத்த தொகையில் பாதியை மட்டுமே இப்படிக் கழிக்க முடியும். இதை ரசீது போடும்போதே சொல்லிவிடுவது நாம் அவருக்குக் காட்டும் மரியாதை. பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் அப்போதே எழுதி வாங்கிவிட வேண்டும். ஆண்டு முடிந்தபின் மே 31க்குள் நன்கொடையாளர் விவரங்களைத் தரும் படிவம் 10பிடி தாக்கல் செய்தால்தான் அவருக்குரிய 10பிஇ நன்கொடைச் சான்றிதழை இறக்கித் தர முடியும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்கு மேல் அபராதமும் உண்டு. ஒரு சின்ன அமைப்புக்கு அந்த 200 ரூபாய் ஒரு நாள் சிற்றுண்டிச் செலவு.

உண்டியலில் விழும் பெயரில்லாப் பணத்துக்கும் எல்லை உண்டு. மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதற்கு மேற்பட்ட தொகைக்கு 30 விழுக்காடு வரி.

வெளிநாட்டுப் பணம் குறித்து ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை செய்யும் சேலத்துக்காரர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட அவருடைய தம்பி அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொடக்கூடாது; பதிவு பெற்றபின்பும் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வர வேண்டும். ஆகவே அனுப்புகிறவரிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்ட பிறகே நம் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும்.