நாற்காலியில் சாயும்போது முதுகுக்குள் என்ன நடக்கிறது?

"தினமும் பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன். நல்ல மெத்தென்ற நாற்காலிதான், ஆனாலும் சாயங்காலம் ஆனால் இடுப்பு கல்லாகிவிடுகிறது. அடுத்தது வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கடையில் நாம் எல்லோருமே முதலில் கையை வைத்து அழுத்திப் பார்ப்பது குஷனைத்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது, அது எப்படிச் சாய்கிறது என்பதை. காரணம் புரிய முதுகுக்குள் கொஞ்சம் போய் வரவேண்டும்.

முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன, நடுவே வட்டுகள், அதாவது டாக்டர்கள் டிஸ்க் என்று சொல்வது. நிற்கும்போது இடுப்புப் பகுதியில் முதுகெலும்பு உள்நோக்கி வளைந்திருக்கும், உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்பக்கம் உருண்டு அந்த வளைவு தட்டையாகும். இதெல்லாம் படித்ததுதான். எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம் அந்த வட்டுக்குள் இருக்கிறது.

வட்டின் ஓரம் முழுக்க சாய்வாகச் சுற்றிய நார் வளையங்கள், நடுவில் ஜெல். அந்த ஜெல்லில் புரோட்டியோகிளைக்கான் என்ற பெரிய மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன, அவற்றின் கிளைகள் எல்லாம் எதிர் மின்னூட்டம் கொண்டவை. எனவே சுற்றியுள்ள சோடியம் அயனிகளை இழுத்துப் பிடித்து வைக்கும். அயனிகள் சேர்ந்த இடத்துக்குத் தண்ணீர் தானாக வரும், பள்ளியில் படித்த அதே சவ்வூடு பரவல்தான். ஆக, யாரும் காற்றடிக்காமலே தன்னைத்தானே ஊதிக்கொள்ளும் ஒரு குஷன் உங்கள் முள்ளெலும்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கீழே இருக்கிறது! பகலில் உடம்பின் பாரம் அதன்மேல் ஏறும்போது தண்ணீர் மெல்லக் கசிந்து வெளியேறும். ஆனால் தண்ணீர் போகப்போக உள்ளே மின்னூட்டம் நெருக்கமாகிறது, இழுவை கூடுகிறது, கசிவு குறைந்துகொண்டே வருகிறது. பிரேக் போடவென்று தனியாக எதுவும் தேவையில்லை, கசிவதே கசிவைத் தடுக்கிறது. இரவில் படுத்தால் பாரம் இறங்கிவிடும், போன தண்ணீர் திரும்பி வரும். அதனால்தான் காலையில் நாம் மாலையைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். நம்பிக்கை இல்லையென்றால் படுக்கையை விட்டு எழுந்த உடனே கதவு நிலையில் தலைக்கு நேராக ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டு, ராத்திரி அதே இடத்தில் இன்னொரு கோடு போட்டுப் பாருங்கள். நான் போட்ட இரண்டு கோடுகளுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி அடங்குகிற இடைவெளி இருந்தது. எழுந்து கொஞ்சம் தாமதித்தாலும் வித்தியாசம் சுருங்கிவிடும், ஏனென்றால் குறைகிற உயரத்தில் பாதி முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடுகிறது.

இன்னொன்று. வளர்ந்தவர்களின் வட்டுக்குள், வெளி ஓரத்தைத் தவிர, ரத்தக் குழாயே கிடையாது. உடம்பின் பெரும்பாலான செல்களுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள்ளேயே ஒரு தந்துகி, அதாவது மிக மெல்லிய ரத்தக் குழாய், இருக்கும். வட்டின் நடுவில் உள்ள செல்லுக்கோ அது 8 மில்லிமீட்டர் வரை தள்ளி இருக்கலாம். குளுக்கோஸும் ஆக்சிஜனும் அத்தனை தூரமும் பரவல் மூலமாகவே ஊர்ந்து வரவேண்டும். இவை சிறிய மூலக்கூறுகள் என்பதால் எப்படியோ வந்துவிடுகின்றன, பெரிய மூலக்கூறுகளுக்குத்தான் அழுத்தம் ஏறி இறங்கும்போது நடக்கிற அந்த நீரோட்டம் கைகொடுக்கிறது.

சரி, உட்காரும்போது வட்டுக்குள் அழுத்தம் எவ்வளவு? 1960களில் ஸ்வீடனின் எலும்பு டாக்டர் ஆல்ஃப் நாகெம்சன் ஊசி முனையில் சென்சார் வைத்து வட்டுக்குள் செலுத்தி அளந்தார். நிற்பதைவிட உட்கார்ந்தால் அழுத்தம் 40 சதவீதம் அதிகம் என்று அவர் சொன்னது பல ஆண்டுகள் பாடமாகவே இருந்தது. 1999இல் ஜெர்மனியில் வில்கே என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டில் சென்சார் வைத்து ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. முதுகை விறைப்பாக நிமிர்த்தி உட்கார்ந்தால் 0.55. முன்னால் நன்றாகக் குனிந்து உட்கார்ந்தால் 0.83. நாற்காலியில் பின்னால் சாய்ந்து தளர்வாக உட்கார்ந்தபோது சுமார் 0.3! "நேரா உட்காரு" என்று முதுகில் தட்டித் தட்டி வளர்த்தார்களே, அந்த 90 டிகிரி ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். வட்டுக்கு அது ஓய்வு தரும் நிலை கிடையாது. அழுத்தம் கூடினால் வலி கூடும் என்று நேர்க்கோடு போடவும் முடியாது, வலிக்குத் தசை, நரம்பு, தூக்கம் என்று பல காரணம் உண்டு.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், இவ்வளவு முக்கியமான அளவீடு ஒரே ஒரு மனிதரிடம் எடுக்கப்பட்டது. இத்தனை பேர் உட்கார்ந்தே வேலை செய்கிற காலத்தில், உட்காருவதைப் பற்றிய அடிப்படை ஆய்வுக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் அவசரம் இல்லை. ஆனால் கட்டினாலே முதுகை நிமிர்த்திவிடும் என்று சொல்லி விற்கும் பெல்ட்டுகளுக்குக் குறைவில்லை.

இனி நாற்காலி. லிவரைத் தளர்த்திவிட்டுப் பின்னால் சாயுங்கள். முதுகுப் பலகை உங்களைத் தாங்கியபடியே கூட வரவேண்டும், நிமிரும்போது லேசாகத் தள்ளிவிட வேண்டும். அந்த ஸ்பிரிங்கின் இறுக்கத்தை உங்கள் எடைக்கு ஏற்ப மாற்றும் திருகு இல்லாத நாற்காலியை நான் வாங்கமாட்டேன், ஒல்லியானவர் தள்ளித் தள்ளிக் களைத்துவிடுவார், கனமானவர் பின்னால் சரிந்துவிடுவார். சாயும்போது உங்கள் பாதம் தரையிலிருந்து தூக்குகிறதா என்றும் பாருங்கள். மலிவானவற்றில் இருக்கையும் முதுகும் ஒரே பலகை மாதிரி நடுவில் உள்ள ஒரே அச்சில் ஆடும், அதனால் முன்விளிம்பு மேலே வந்து தொடையை அழுத்தும். நல்லவற்றில் முதுகு இரண்டு டிகிரி சாய்ந்தால் இருக்கை ஒரு டிகிரிதான் சாயும். இந்த வசதி இருந்தால் நாளெல்லாம் யோசிக்காமலே அசைந்துகொண்டிருப்பீர்கள், வட்டிலும் அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளங்கால் தரையில் படிவதும், முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருப்பதும், இடுப்புத் தாங்கி பெல்ட் கட்டும் உயரத்தில் வருவதும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை ஃபோமின் மென்மையை வைத்துச் சொல்ல முடியாது, அதன் அடர்த்திதான் சொல்லும். இரண்டும் வேறு வேறு, அடர்த்தி குறைந்த ஃபோமையும் ஆரம்பத்தில் கெட்டியாகச் செய்துவிடலாம், சில மாதங்களில் உள்ளே இருக்கும் குட்டிக் குட்டி அறைகளின் சுவர்கள் உடைந்து குழி விழும். கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள், 50க்குப் பக்கத்தில் சொன்னால் நல்லது. பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோலை வியர்வையின் ஈரமே மெல்ல மெல்ல உடைக்கும், அப்புறம் செதில் செதிலாக உரியும். துணியோ வலையோ தேவலாம். கால்கள் ஐந்தா என்றும் எண்ணிவிடுங்கள். 30 சென்டிமீட்டர் நீளக் கால்கள் என்றால், நான்கு இருந்தால் நடுவிலிருந்து 21 சென்டிமீட்டரிலேயே கவிழும் விளிம்பு வந்துவிடும், ஐந்து இருந்தால் 24 வரை தள்ளிப்போகும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பழைய நாற்காலி நன்றாகச் சாய்கிறது, ஆனால் உட்கார்ந்தால் தானாகக் கீழே இறங்குகிறது என்றால், இருக்கையை ஏற்றி இறக்கும், நைட்ரஜன் அடைத்த கேஸ் சிலிண்டரின் உள்சீல்தான் தேய்ந்திருக்கும். அந்த சிலிண்டரை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதைப் பிரித்துப் பார்க்காதீர்கள், உள்ளே அழுத்தம் அப்படியேதான் இருக்கும்.