தவணைக்குத் திகதி உண்டு, ஹயர் காசுக்கு இல்லை

போன மாதம் ஒரு பின்னேரம், கொழும்பு ஆமர் வீதிப் பக்கமிருக்கும் என் கணக்கு அலுவலகத்துக்கு ஓர் அண்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவரிடம் 14 வருடமாக லொறி ஓட்டுகிறவர். "இனிச் சொந்தமா ஒண்டு எடுப்பம் எண்டு இருக்கிறன் மிஸ். பதினாலரை அடி. முதலாளியும் லோட் தாறன் எண்டிட்டார். கணக்கை ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ" என்று ஒரு சீ.ஆர். கொப்பியை நீட்டினார்.

இடப்பக்கம் மாத ஹயர், அதாவது லோட் ஏற்றி ஓடுவதற்கான கூலி. வலப்பக்கம் டீசல், லீசிங் (லொறிக்கு எடுக்கும் கடன்) தவணை, கிளீனர் சம்பளம். மிச்சம் நன்றாகவே இருந்தது. ஆனால் டயர் இல்லை, சேர்விஸ் இல்லை, லொறி ஓடாமல் நிற்கிற நாள் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் விட, அந்த ஹயர் காசு எப்போது கைக்கு வரும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

சின்ன அளவில் லொறி ஓட்டுகிறவர்களின் கணக்கைப் பல வருடமாகப் பார்க்கிறேன். லோட் கிடைக்காமல் நொடித்தவர்களை விட, கை நிறைய லோட் இருந்தும் நொடித்தவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். டீசலுக்கு அன்றைக்கே காசு. கிளீனரின் பத்தாவும் (நாட்படி) அன்றைக்கே. லீசிங் தவணை மாதத்தில் குறித்த நாளில். பெரிய இடங்களுக்குப் பில் கொடுத்தாலோ 45 நாள், 60 நாள். அதற்குப் பிறகு வருவதும் பின்திகதியிட்ட காசோலை. ஆக, அவர்களின் சாமான் ஊர் போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு நீங்கள் கடன் கொடுக்கிறீர்கள், வட்டியில்லாமல். அந்த இடைவெளியை அடைக்க முதலில் மனைவியின் நகை அடகுக்குப் போகும், அதற்குப் பிறகு வட்டிக்காசு. லொறி ஒரு நாளும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும் என்பதால், பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை.

லீசிங் பற்றி அண்ணன் சொன்னது: 60 இலட்சம், ஐந்து வருடம், "12 வீதம்தான் மிஸ்". பிளாட் வட்டியா, குறைந்து வரும் நிலுவைக்கான வட்டியா என்று கேட்டேன். பிளாட். அப்படியென்றால் வருடத்துக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம் வீதம் ஐந்து வருடத்துக்கு 36 இலட்சம் வட்டி. மாதத் தவணை 1 இலட்சத்து 60 ஆயிரம். கடன் முதல் கட்டக் கட்டக் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி மட்டும் முழு 60 இலட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் அது 20 வீதத்தைத் தாண்டும். முதல் வருடம் முழுக்க ஒரு தவணையும் தவறாமல் 19 இலட்சத்து 20 ஆயிரம் கட்டி முடித்த நாளிலும் கடன் முதல் தொகையில் இன்னும் ஏறக்குறைய 52 இலட்சம் நிற்கும். அந்த அக்கா கல்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பி, தானே மறுபடி அடித்துப் பார்த்தார்.

லொறியின் புத்தகத்தில் பதிவு உரிமையாளராக உங்கள் பெயர் இருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில், கடைசித் தவணை வரை, லீசிங் கம்பெனியின் பெயர். இது விளங்காமல் சிலர் இன்னொருவரின் லீசிங்கைக் கைமாற்றி எடுக்கிறார்கள்: அவருக்குக் கொஞ்சக் காசைக் கொடுத்துவிட்டு, மிச்சத் தவணையைத் தாங்கள் கட்டுவது. கம்பெனிக்குத் தெரியாமல், ஒரு முத்திரையில் கையெழுத்து வைத்து. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் ஒப்பந்தம் அவர் பெயரில். நீங்கள் கட்டக் கொடுத்த காசை அவர் வேறு தேவைக்கு எடுத்தால், லொறி பறிபோவது உங்கள் வாசலிலிருந்து. பிணைக்குக் கையெழுத்து வைக்கும் மச்சானையும் யோசியுங்கள். நீங்கள் தவணை தவறினால் அவருடைய கிரிப் அறிக்கையிலும் (கடன் வரலாற்று அறிக்கை) அது ஏறும், நாளைக்கு அவர் வீட்டுக்கடன் கேட்கப் போகும் இடத்தில் நிற்கும்.

2022ஐ மறந்துவிட்டோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒட்டோ டீசல் லீட்டர் 121 ரூபா. ஜூன் கடைசியில் 460. என்னிடம் வந்த ஒருவர் ஒரு வருடத்துக்கு ஒரே ஹயர் என்று எழுதிக் கொடுத்திருந்தார். வரிசையில் மூன்று நாள் நின்று டீசல் அடித்து, ஓடுகிற ஒவ்வொரு ட்ரிப்பிலும் நட்டப்பட்டார். அதே வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி கூட்டியது. அவருடைய ஓவர்டிராஃப்ட் வட்டியும் பின்னாலேயே ஏறியது. இப்போதும் எரிபொருள் விலை அடிக்கடி திருத்தப்படுகிறது. டீசல் இவ்வளவு ஏறினால் ஹயர் இவ்வளவு ஏறும் என்ற ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க நான் ஒருவரையும் விடுவதில்லை.

டயர்க் காசை ட்ரிப்பிலேயே பிடிக்க வேண்டும். ஆறு டயரும் சேர்த்து 3 இலட்சம், 40,000 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால் கிலோமீற்றருக்கு ஏழரை ரூபா. யாழ்ப்பாணம் போய்வர ஏறக்குறைய 800 கிலோமீற்றர். 6,000 ரூபா டயருக்கே போய்விட்டது. ரிட்டர்ன் லோட் இல்லாமல் வெறும் லொறியாக வந்தாலும் அதே 6,000. பழைய வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் கியர் பொக்ஸ் தேடுகிற நாட்களில் செலவு மட்டும் ஓடும்.

இன்சூரன்ஸ் முழுமையாக இருந்தாலும் அது லொறிக்குத்தான். ஏற்றிய சாமானுக்கு வேறாக எடுக்க வேண்டும். இன்னொன்றையும் அண்ணனுக்கு நினைவூட்டினேன். சம்பளத்துக்கு ஓடுகிறவரை அவருக்கு முதலாளி போடும் ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈ.ரீ.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். சொந்த லொறி எடுத்த நாளிலிருந்து அது நின்றுவிடும். அந்தக் கிளீனர் பையனுக்கு இவர் கட்ட வேண்டியும் வரும்.

"அப்ப டவுன் பேமன்ட் போக எவ்வளவு கையில இருக்க வேணும் மிஸ்?" என்று அக்கா கேட்டார். அவர்களுடைய கொப்பியின்படி மாத டீசல் 3 இலட்சம். இரண்டு மாத டீசல், இரண்டு தவணை, ஒரு செட் டயர்: 12 இலட்சத்துக்கு மேல். அக்கா கைப்பையைத் திறந்து, நகைகளைப் பவுண் கணக்கில் எழுதி வைத்திருந்த துண்டை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார். முதலாளியிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வரச் சொன்னேன்: பில் கொடுத்து எத்தனை நாளில் காசு?

இரண்டு கிழமை கழித்து அண்ணன் ஃபோன் எடுத்தார். "வாயால கேக்கேக்க கிழமைக்குக் கிழமை தாறன் எண்டவர், எழுதித் தாங்கோ எண்டு கேட்டா ரெண்டு மாசம் எண்டுறார் மிஸ்."

அந்த வரியையும் கொப்பியில் சேர்த்துக் கணக்கை முதலிலிருந்து போட, வருகிற சனிக்கிழமை இருவரும் வருகிறார்கள்.