பன்னிரண்டு பகடையில் ஒரு சூப்பர் பவுல்

2008 ஜனவரி 20. விஸ்கான்சின் மாநிலம், கிரீன் பே நகரம், லாம்போ மைதானம். வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு மைனஸ் 31 போல உறைக்கும் குளிர். நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் டாம் காஃப்லினின் கன்னங்கள் தக்காளியாகச் சிவந்து கிடந்ததை அன்று டிவியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டம் 20–20 என்று சமனில் நின்று கூடுதல் நேரத்துக்குப் போனது. அன்றைய விதிப்படி கூடுதல் நேரத்தில் யார் முதலில் புள்ளி எடுத்தாலும் அதோடு ஆட்டம் முடிந்தது.

டாஸ் வென்றது உள்ளூர் அணியான பேக்கர்ஸ். பந்து 38 வயது பிரெட் ஃபார்வ் கையில். இரண்டாவது முயற்சியிலேயே அவர் டொனால்ட் டிரைவரை நோக்கி எறிந்த பந்தைக் குறுக்கே புகுந்து பிடித்துவிட்டார் ஜயன்ட்ஸ் தடுப்பாட்டக்காரர் கோரி வெப்ஸ்டர். அப்புறம் லாரன்ஸ் டைன்ஸ் வந்தார். கடைசிக் கால் பகுதியில் இரண்டு உதைகளைக் கோட்டைவிட்டிருந்தவர், இப்போது 47 கஜத்திலிருந்து, அதாவது 43 மீட்டரிலிருந்து, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார். 23–20. இரண்டு வாரம் கழித்து அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த சூப்பர் பவுலில் இதே ஜயன்ட்ஸ், அதுவரை 18 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 17–14 என்று வீழ்த்தியது.

வெப்ஸ்டர் கையில் அந்தப் பந்து சிக்காமல் போயிருந்தால்? பேட்ரியட்ஸுக்கு எதிரே பேக்கர்ஸ் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

திண்ணைப் பேச்சுதானே என்று கேட்கலாம். பாதி அப்படித்தான். மீதிப் பாதியில் நல்ல கணக்கு இருக்கிறது.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. 32 அணிகள், இரண்டு பிரிவுகள். அப்போது ஒரு பருவத்துக்கு அணிக்கு 16 ஆட்டம், பிறகு நாக்அவுட், இரு பிரிவுகளிலும் ஜெயித்து வருபவர்கள் மோதும் இறுதிப்போட்டிதான் சூப்பர் பவுல். பந்தோடு எல்லைக்குள் நுழைந்தால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பின் உதைத்து இன்னும் ஒன்று. எல்லை வரை போக முடியாதபோது கம்பத்துக்குள் உதைத்து 3 புள்ளி வாங்குவது ஃபீல்டு கோல். 3, 7 என்ற இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வையுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

முதல் சிக்கல் கணக்கிலேயே இல்லை. வரலாற்றை எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் இருக்கிறது. டைன்ஸின் உதை தவறியது என்று வைத்தால் ஆட்டம் தொடரும். ஜயன்ட்ஸே பிறகு ஜெயிக்கலாம். குளிர் குறைவு என்று வைத்தால் முதல் நிமிடத்திலிருந்து எல்லாமே மாறும், நமக்குத் தெரிந்த எதுவும் மிஞ்சாது. வெப்ஸ்டர் பந்தைத் தவறவிட்டார் என்று மட்டும் வைப்பதுதான் இருப்பதிலேயே சின்ன வெட்டு. அப்போதும் பேக்கர்ஸ் ஜெயித்துவிடவில்லை, பந்து அவர்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து எப்படியோ ஜெயித்தார்கள் என்று நாமாக வைத்துக்கொள்கிறோம். இதில் பலர் வழுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. கற்பனையில் ஜெயித்த அணி நிஜத்தில் இருந்ததைவிடப் பலசாலி என்று நினைத்துவிடுவது. ஒரு பந்து கை நழுவியதால் கிடைத்த வெற்றி அணியின் பலத்தைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் சொல்வதில்லை. ஆகவே போனஸ் கிடையாது. ஜனவரி 20 காலையில் பேக்கர்ஸ் எப்படிப்பட்ட அணியோ, அதே அணிதான் கிளெண்டேலுக்குப் போகிறது.

சரி, எப்படிப்பட்ட அணி? வெற்றி தோல்விப் பட்டியல் இதற்கு அவ்வளவு உதவாது. ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் நாற்பதில் ஜெயித்தாலும் அதில் ஒரே கணக்குதான். எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளி இரண்டையும் பார்ப்பது மேல். பேட்ரியட்ஸ் அந்தப் பருவத்தில் எடுத்தது 589, கொடுத்தது 274. ஆட்டத்துக்குச் சராசரி 19.7 புள்ளி உபரி. பேக்கர்ஸ் 435க்கு 291, உபரி 9. ஜயன்ட்ஸ் 373க்கு 351, உபரி வெறும் 1.4.

எடுத்த, கொடுத்த புள்ளிகளிலிருந்து ஜெயிக்கும் வாய்ப்பைச் சொல்ல, பேஸ்பால் புள்ளியியலில் பில் ஜேம்ஸ் கொண்டுவந்த ஒரு சூத்திரம் உண்டு. எடுத்ததையும் கொடுத்ததையும் தனித்தனியே இருமடியாக்கிக் கூட்டுவதால் அதற்குப் பித்தாகரஸ் பெயர் வந்துவிட்டது. முக்கோணத்துக்கும் இதற்கும் வேறு உறவில்லை. அமெரிக்கக் கால்பந்துக்கு இருமடிக்குப் பதில் 2.37 என்ற அடுக்கைப் போடுகிறார்கள். போட்டுப் பார்த்தால் பேட்ரியட்ஸ் ஒரு ஆட்டத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு 86 சதவீதம். பயங்கரமான எண்தான். ஆனால் 0.86ஐ 16 தடவை பெருக்கினால் வருவது 9 சதவீதம். அவ்வளவு பலமான அணியே பத்துப் பருவம் ஆடினால் ஒன்றில்தான் 16க்கு 16 கிடைக்கும். அதாவது அந்த 16–0வில் திறமை நிறைய, அதிர்ஷ்டமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

அதிர்ஷ்டத்தின் கைரேகை ஆட்டங்களிலேயே தெரியும். முதல் எட்டு ஆட்டங்களில் 331–127, சராசரி உபரி 25.5. அடுத்த எட்டில் 258–147, உபரி 13.9. அந்த இரண்டாம் பாதியில் கோல்ட்ஸை 4 புள்ளியிலும், ஈகிள்ஸ், ரேவன்ஸ், ஜயன்ட்ஸ் மூவரையும் ஆளுக்கு 3 புள்ளியிலும்தான் தாண்டினார்கள். பிரமாதமாக ஆடிய எவரும் அடுத்தடுத்து ஆடும்போது சராசரிப் பக்கம் கொஞ்சம் இறங்கி வருவதைப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். எனவே பருவத்தின் உபரியை அப்படியே இறுதிப்போட்டிக்கு எடுத்துப்போகக் கூடாது. சுருக்க வேண்டும்.

எவ்வளவு சுருக்குவது? இங்கே நிஜம் ஒரு அளவுகோல் தருகிறது. பேட்ரியட்ஸுக்கும் ஜயன்ட்ஸுக்கும் உபரி வித்தியாசம் 18.3. ஆனால் அந்தச் சூப்பர் பவுலுக்குப் பந்தயச் சந்தை வைத்த முன்கணிப்பு, பேட்ரியட்ஸ் சுமார் 12 புள்ளியில் ஜெயிக்கும் என்பது. மூன்றில் இரண்டு பங்கு. பேக்கர்ஸோடு உபரி வித்தியாசம் 10.7, அதே விகிதத்தில் சுருக்கினால் 7. முரட்டுக் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். டாம்பா பே, டாலஸ், கிரீன் பே என்று மூன்று வெளியூர் நாக்அவுட்களை ஜயன்ட்ஸ் வரிசையாக ஜெயித்து வந்ததும் அந்த 12க்குள் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் 7 என்பது நியாயமான எண்.

இதே வேலைக்கு எலோ முறையையும் பயன்படுத்துவார்கள். சதுரங்க ரேட்டிங் பார்ப்பவர்களுக்குப் பழகிய பெயர். ஹங்கேரியில் பிறந்த அர்பாத் எலோ இயற்பியல் பேராசிரியராக இருந்தது மில்வாக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில். பேக்கர்ஸின் அதே விஸ்கான்சின் மாநிலம். எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் ரேட்டிங் ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும். அவ்வளவுதான் அதன் சாரம்.

இனி முக்கியமான எண்ணுக்கு வருவோம். ஹால் ஸ்டெர்ன் என்ற புள்ளியியலாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வில் 1980களின் மூன்று பருவங்களிலிருந்து 672 ஆட்டங்களை எடுத்து, சந்தை சொன்ன வித்தியாசத்துக்கும் நிஜமாக வந்த வித்தியாசத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தார். சராசரியாகப் பார்த்தால் சந்தை கிட்டத்தட்ட துல்லியம். ஆனால் தனித்தனி ஆட்டங்கள் அந்தக் கணிப்பைச் சுற்றி மணி வடிவ வளைவில் சிதறிக் கிடந்தன. திட்ட விலக்கம் 13.86 புள்ளி. மூன்றில் இரண்டு ஆட்டங்கள் கணிப்புக்கு இப்பக்கமோ அப்பக்கமோ 14 புள்ளிக்குள் விழும், மீதி அதற்கும் வெளியே போகும் என்று அர்த்தம். 12 புள்ளி முன்னிலை என்று கேட்கும்போது மலை மாதிரி தெரிகிறது. அதைச் சுற்றியுள்ள அலை 14 புள்ளி உயரம்.

12ஐ 13.86ஆல் வகுத்து வளைவின் அட்டவணையில் பார்த்தால் பேட்ரியட்ஸுக்கு 81 சதவீதம். ஜயன்ட்ஸுக்கு 19, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. விளையாட்டு வரலாற்றின் மாபெரும் அதிர்ச்சிகளில் ஒன்று என்று இன்றும் எழுதுகிறார்கள். ஐந்தில் ஒன்று அப்படியொன்றும் அதிசயமில்லை. 7 புள்ளி முன்னிலைக்கு வாய்ப்பு 69 சதவீதம். பேக்கர்ஸுக்கு 31.

இங்கே ஒரு வேடிக்கை. வெப்ஸ்டர் அந்தப் பந்தைப் பிடித்ததில் ஜயன்ட்ஸுக்கு அடுத்தபடியாக லாபம் பேட்ரியட்ஸுக்குத்தான். இறுதிப்போட்டியில் ஜெயிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு 69இலிருந்து 81க்கு ஏறியது. அன்றிரவு பாஸ்டனில் ஒரு ரசிகர் டிவி முன்னால் துள்ளிக் குதித்திருந்தால் அது சரியான கணக்கு. முடிவு வேறாகப் போனதால் கணக்கு தப்பாகிவிடாது.

இந்தக் கற்பனை ஆட்டத்தை வீட்டிலேயே ஆடிப் பார்க்கலாம். லூடோ டப்பாவில் வரும் ஆறு முகப் பகடை வேண்டும் (தாயக்கட்டை உதவாது, முகங்கள் நான்குதான்). ஒரே பகடையைப் பன்னிரண்டு தடவை உருட்டிக் கூட்டுங்கள். சராசரியாக 42 வரும், அதைச் சுற்றிய சிதறல் அழகான மணி வடிவம். கூட்டுத்தொகையிலிருந்து 42ஐக் கழித்து, 2.34ஆல் பெருக்கி, 7ஐக் கூட்டுங்கள். வருவதுதான் பேட்ரியட்ஸின் வெற்றி வித்தியாசம். 47 விழுந்தால் 5 பெருக்கல் 2.34, அதோடு 7. பேட்ரியட்ஸ் 19 புள்ளியில் ஜெயிக்கிறது, 19–0 வரலாறு. 35 விழுந்தால் மைனஸ் 9. ஃபார்வ் கோப்பையைத் தூக்குகிறார். 40க்கு மேல் எல்லாம் பேட்ரியட்ஸ், 38க்குக் கீழ் எல்லாம் பேக்கர்ஸ் (40, 38 உட்பட). இடையில் 39 மட்டும் தனி. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு தடவை உருட்டினால் தெரிவது ஒன்றுமில்லை. ஆயிரம் தடவை உருட்டினால் 31 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இதன் பெயர் மான்டி கார்லோ முறை. 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாக ஆடும் ஒரு சீட்டாட்டத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு என்ன என்று கணக்குப் போட்டுக் களைத்து, நூறு தடவை ஆடி எண்ணிவிட்டால் போதாதா என்று யோசித்ததில் பிறந்தது. சூதாட்ட விடுதிக்குப் பேர்போன ஊரின் பெயரைப் பிறகு வைத்தார்கள். முதலில் அது போன வேலை அணுகுண்டு ஆய்வுக்கூடத்தில், நியூட்ரான்களின் போக்கைக் கணிக்க.

கணினியில் பத்தாயிரம் தடவை ஓட்டி 69.3 என்று தசமத்தோடு அச்சிடுபவர்களை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஓட்டம் கூடக்கூடப் பகடையின் ஆட்டம்தான் குறைகிறது. நாம் ஊகித்து வைத்த 7 அப்படியே இருக்கிறது. அது உண்மையில் 4 என்றால் விடை 61. 10 என்றால் 76. தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் அந்த 3 வெறும் அலங்காரம்.

பகடைக்குத் தெரியாதது இன்னொன்றும் இருக்கிறது. செப்டம்பரில் பேக்கர்ஸ் ஜயன்ட்ஸை 35–13 என்று துவைத்தது. ஜனவரியில் ஜயன்ட்ஸ் பேக்கர்ஸை வென்றது. டிசம்பர் 29 அன்று பேட்ரியட்ஸ் ஜயன்ட்ஸை 38–35 என்று வென்றது. பிப்ரவரி 3 அன்று அது தலைகீழ். யார் பெரியவர் என்று ஒரே வரிசையில் நிறுத்த முடியாது, எந்தப் பலம் எந்தப் பலவீனத்தைத் தொடுகிறது என்பதில் இருக்கிறது விஷயம். பேட்ரியட்ஸின் டாம் பிரேடி 16 ஆட்டங்களில் எறிவதற்குள் மடக்கி வீழ்த்தப்பட்டது 21 தடவைதான். அந்த ஒரே இரவில் 5 தடவை. ஸ்ட்ராஹன், யூமென்யோரா, டக் ஆகியோர் இருந்த ஜயன்ட்ஸின் முன்வரிசை அந்தப் பருவத்தில் பந்தெறியும் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை 53 தடவை வீழ்த்தி லீகிலேயே முதலிடத்தில் நின்றது. பேக்கர்ஸிடம் அப்படிப்பட்ட கூட்டம் இல்லை. ஏரன் கேம்ப்மன் ஒருவர் இருந்தார், பின்னால் சார்லஸ் உட்சன், அல் ஹாரிஸ் என்று ஆளோடு ஒட்டிக்கொண்டு ஓடும் இருவர் இருந்தார்கள். என் கணிப்பில் பிரேடிக்கு யோசிக்க நேரம் கிடைத்திருக்கும், பேட்ரியட்ஸ் ஜெயித்திருக்கும். ஆனால் அதன் மேல் பந்தயம் கட்டச் சொன்னால் காபிக் காசுக்கு மேல் கட்ட மாட்டேன்.

3, 7 என்ற எண்கள் ஞாபகம் இருக்கிறதா? நம் பகடைக்கு 2 புள்ளி வெற்றியும் 3 புள்ளி வெற்றியும் ஏறக்குறைய ஒன்றுதான். மைதானத்தில் அப்படி இல்லை. புள்ளிகள் மூன்றும் ஏழுமாகச் சேர்வதால் ஏறக்குறைய ஏழில் ஒரு ஆட்டம் மிகச் சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் முடிகிறது. அடுத்த இடம் ஏழுக்கு. மேலே சொன்ன 38–35, 23–20, 17–14 மூன்றையும் கழித்துப் பாருங்கள். இதனால்தான் கவனமாகச் செய்பவர்கள் மொத்த ஆட்டத்தையும் ஒரே வளைவாக எடுக்காமல், பந்து கைமாறும் ஒவ்வொரு முறையையும் தனியாக உருட்டுவார்கள்: இந்த முறை டச்டவுனா, ஃபீல்டு கோலா, ஒன்றுமில்லையா, பறிபோனதா என்று.

விட்டுவைத்த 39 மிச்சம் இருக்கிறது. 42ஐக் கழித்தால் மைனஸ் 3, 2.34ஆல் பெருக்கினால் மைனஸ் 7.02, ஏழைக் கூட்டினால் பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை கீழே. சமன். பதினேழு தடவைக்கு ஒரு தடவை இது விழும். விழுந்தால் கூடுதல் நேரம். பகடையை வைத்துவிட்டு ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டுங்கள். தலை விழுந்தால் பந்து பேக்கர்ஸுக்கு. கிளெண்டேலில் கூரை மூடியிருக்கிறது, குளிர் இல்லை, காற்று இல்லை. ஃபார்வ் மறுபடியும் டிரைவரைத் தேடுகிறார்.